குலுங்கியது விமானமா, காற்றா?

விமானம் குலுங்கி யாருக்காவது மண்டை உடைந்தது என்று செய்தி வந்தால் போதும், படித்தவர்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். வானத்தில் இத்தனை செயற்கைக்கோள் சுற்றுகின்றன, தரையில் ரேடார் நிற்கிறது, புனேயிலும் நொய்டாவிலும் சூப்பர் கம்ப்யூட்டர் ஓடுகிறது. இவ்வளவும் இருந்தும் காற்று எங்கே கொந்தளிக்கிறது என்று சொல்ல முடியாதா? கேள்வி நியாயமானதுதான். அதை ஒட்டி வருகிற தீர்ப்புதான் வம்பு. "விஞ்ஞானிகள் விமானம் ஏறிக் காற்றுக்குள்ளேயே போய் அளந்ததெல்லாம் அந்தக் காலம். இன்றைக்கு அதற்குச் செலவழிப்பது காசைக் கரியாக்குவது" என்கிறது அந்தத் தீர்ப்பு. பட்ஜெட்டைப் பற்றிப் பேசுகிறவர்களும் சொல்கிறார்கள், தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லியே அது ஊரறிந்த உண்மை போல ஆகிவிட்டது.

அது உண்மையல்ல. தொலைவில் நின்று பார்க்கும் எந்தக் கருவியும் காற்றின் கொந்தளிப்பை நேராக அளப்பதில்லை. வேறெதையோ அளந்து, அதிலிருந்து கொந்தளிப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, காற்றுக்குள் போய் எடுத்த அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டு மாடி மட்டும் போதும் என்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

முதலில், கண்ணெதிரே நடந்தும் எல்லோரும் தவறாகப் படித்த ஒரு சம்பவம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த எஸ்.க்யூ.321 விமானம் மியான்மருக்கு மேலே பலமாகக் குலுங்கியது. உள்ளே 211 பயணிகள், 18 பணியாளர்கள். 73 வயது பிரிட்டிஷ் பயணி ஒருவர் இறந்துபோனார், பலர் படுகாயமடைந்தார்கள். விமானத்தைப் பாங்காக்கில் இறக்கினார்கள். உலகம் முழுக்கச் செய்திகளில் ஓடியது ஒரே வரி: சில நிமிடங்களில் 6,000 அடி விழுந்தது. விமானங்களைப் பின்தொடரும் இணையதளங்களின் வரைபடத்தில் 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு ஒரு சரிவு தெரிந்தது, அதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். 'காற்றுப் பள்ளத்தில் விழுந்தது' என்று நம் தொலைக்காட்சிகள் அதற்கு விளக்கமும் கொடுத்தன.

சில நாட்களில் சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு, விமானத்தின் பதிவுக் கருவிகளைப் படித்து முதற்கட்ட விவரத்தை வெளியிட்டது. நடந்தது இதுதான். 0.6 நொடிக்குள் விமானத்தின் செங்குத்து முடுக்கம் +1.35 ஜி-யிலிருந்து -1.5 ஜி-க்குத் தாவியது (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). பெல்ட் போடாதவர்கள் கூரையை நோக்கி எறியப்பட்டார்கள். அடுத்த 4 நொடிக்குள் அதே முடுக்கம் +1.5 ஜி-க்குத் திரும்பியது. மேலே போனவர்கள் கீழே வந்து விழுந்தார்கள். இந்த நொடிகளில் விமானம் இழந்த உயரம் 178 அடி. அந்த 6,000 அடி? காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபின், விமானிகள் முறைப்படி கட்டுப்பாட்டோடு இறக்கிய உயரம் அது.

178 எங்கே, 6,000 எங்கே? ஆனால் இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விசாரணை அமைப்பு சொன்ன எண்களும் விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்கின்றன. அந்த இடத்தில் காற்று மேல்நோக்கி எத்தனை மீட்டர் வேகத்தில் வீசியது, எவ்வளவு தூரத்துக்குள் திசை மாறியது என்பது அவற்றில் நேராக இல்லை. ஒரே காற்று ஒரு சிறிய ஏ.டி.ஆர். விமானத்தை ஒருவிதமாகவும் கனமான போயிங் 777-ஐ வேறுவிதமாகவும் ஆட்டும். எடை, இறக்கையின் பரப்பு, வேகம், தானியங்கி விமானி அந்த நொடியில் செய்த திருத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஜி எண் வருகிறது. விமானம் குலுங்கியது வேறு, காற்று குலுங்கியது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் நான் மறுக்கும் கருத்து முழுவதும் நிற்கிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே கட்டப்பட்டது ஆய்வு விமானம். அதன் மூக்கு நுனியில், கூட்டல் குறி போட்டது போல ஐந்து சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் உள்ளே போய் அழுத்தம் அளக்கும் உணரியில் முடிகிறது. நடுத்துளை எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. மேல்துளைக்கும் கீழ்துளைக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டிலிருந்து, காற்று மூக்கின் மீது மேல்கீழாக எந்தக் கோணத்தில் வந்து மோதுகிறது என்று தெரியும். இடம், வலம் துளைகள் பக்கவாட்டுக் கோணத்தைச் சொல்லும். இந்த மூன்றும் சேர்ந்தால், விமானத்தைப் பொறுத்துக் காற்று எப்படி நகர்கிறது என்பது கிடைத்துவிடும். தரையைப் பொறுத்து விமானம் எப்படி நகர்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை உள்ளேயிருக்கும் சுழல்காட்டிகளும் ஜி.பி.எஸ்.ஸும் சொல்லும். இரண்டையும் கூட்டினால் மிஞ்சுவது காற்று. தரையைப் பொறுத்து அது உண்மையில் என்ன செய்தது என்பது.

சொல்ல எளிது, செய்வது அப்படியல்ல. விமானம் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகிறது. அளக்க வேண்டிய மேல்கீழ்க் காற்றோ நொடிக்கு ஒரு மீட்டர், சில சமயம் அதற்கும் குறைவு. இரண்டு பெரிய எண்களைக் கழித்து அவற்றுக்கிடையே ஒளிந்திருக்கும் சின்ன எண்ணைப் பிடிக்க வேண்டும். கோணத்தில் பத்தில் ஒரு டிகிரி பிசகினாலும் செங்குத்துக் காற்றில் நொடிக்கு 17 சென்டிமீட்டர் பொய் வந்து உட்கார்ந்துவிடும். போதாக்குறைக்கு, இறக்கைகள் தமக்கு முன்னால் இருக்கும் காற்றையே கொஞ்சம் மேலே தூக்கிவிடுகின்றன. மூக்கிலிருக்கும் துளைக்கு, அது இயற்கையாக எழும்பிய காற்றா, நம் விமானமே எழுப்பியதா என்று தெரியாது. இத்தனையையும் கழித்துக் காட்டும் சமன்பாடுகளை, அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் டொனால்ட் லென்ஷோ போன்றவர்கள் பல ஆண்டு உழைத்து ஒழுங்குபடுத்தினார்கள்.

சமன்பாட்டை எழுதியதோடு அவர்கள் நம்பிவிடவில்லை என்பதுதான் முக்கியம். அளவெடுக்கும் முன் விமானத்தைச் சலனமில்லாத காற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். விமானி வேண்டுமென்றே மூக்கை மேலும் கீழும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஆட்டுகிறார். விமானம் ஏறி இறங்குகிறது. ஆனால் கணக்கில் வரும் காற்றில் அந்த ஆட்டத்தின் சாயல் தெரியக்கூடாது. தெரிந்தால் கருவி பொய் சொல்கிறது. அப்புறம் வாலை இடவலமாக ஆட்டுகிறார்கள். அப்புறம் ஒரு நேர்கோட்டில் பறந்து, அரைவட்டம் அடித்து, அதே காற்றின் வழியே திரும்பி வருகிறார்கள். போகும்போது அளந்த காற்றும் வரும்போது அளந்த காற்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் அதில் பாதி விமான வேக அளவியின் பிழை என்று பிடித்துவிடலாம். தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுக்க வைக்கும் இந்த ஒழுங்கு, தொலைவிலிருந்து பார்க்கும் கருவி எதற்கும் இந்த அளவுக்கு வாய்க்கவில்லை.

சலனமில்லாத காற்று என்றேனே, அது எப்போது கிடைக்கும் என்பது எங்கள் ஊர் நெசவாளருக்குத் தெரியும். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டி வேலை செய்வதென்றால் விடியற்காலையில்தான். இரவெல்லாம் குளிர்ந்த தரைக்கு மேல் காற்று அசையாமல் படுத்திருக்கும் நேரம் அது. வெயில் ஏறத் தரை சுடும், சுட்ட காற்று திரள் திரளாக மேலே கிளம்பும், கிளம்பிய இடத்தை நிரப்பப் பக்கத்துக் காற்று பாயும். பத்து மணிக்கு மேல் நீட்டிய பாவு ஊசலாடத் தொடங்குவது இதனால்தான். உச்சிப்பொழுதுக்குள் இந்தக் கலக்கம் தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை போய்விடும். வயலின் ஈரத்தையும் சாலையின் தூசியையும் தரையின் சூட்டையும் மேகத்தின் அடிவரை தூக்கிக்கொண்டு போவது இந்தக் கலக்கமே. கோடையில் மாலை இடி எங்கே இறங்கும், எங்கே ஏமாற்றும் என்பதில் இதற்கும் பங்கு உண்டு. கொந்தளிப்பு என்றால் பறக்கிறவர்களின் கவலை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எதிர்த்தரப்பின் சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றலாம்.

முதல் சாட்சி, பயணிகள் விமானம். இதுதான் அவர்களின் வலுவான வாதம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இன்று பல விமானங்கள் தாம் சந்திக்கும் கொந்தளிப்பைத் தாமே கணக்கிட்டுக் கீழே அனுப்புகின்றன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் இந்தத் தகவலைத் திரட்டி நிறுவனங்களுக்கிடையே பகிர்கிறது. ஏர் இந்தியாவும் 2025-ல் இதில் சேர்ந்தது. விமானத்துக்கு விமானம் மாறும் குலுக்கலைச் சொல்லாமல், காற்றின் சுழல்கள் எவ்வளவு வேகமாகத் தம் ஆற்றலை இழக்கின்றன என்ற ஒரு பொது அளவையாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். அருமையான ஏற்பாடு, உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் அந்தப் பொது அளவை எங்கிருந்து வந்தது? பல விமானங்களில் குலுக்கலை அளந்து, அந்த ரக விமானம் எப்படி ஆடும் என்ற கணக்கைத் திருப்பிப் போட்டு, காற்றை ஊகிக்கிறார்கள். வேறு சிலவற்றில் காற்று மோதும் கோணத்தை அளந்து செங்குத்துக் காற்றைக் கணக்கிடுகிறார்கள். அதாவது ஆய்வு விமானத்தின் வழியையே கடன் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் அடியில், 1941-ல் ருஷ்யக் கணிதர் கோல்மகரோவ் சொன்ன ஒரு விதி இருக்கிறது. பெரிய சுழலிலிருந்து சிறிய சுழலுக்கு ஆற்றல் எந்த விகிதத்தில் இறங்குகிறது என்பது அது. அந்த விதி உயரே திறந்த வெளியிலும் நிற்கிறது என்று காட்டியதில் ஆய்வு விமானங்களின் நீண்ட பறப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கொடுத்தவரை ஒதுக்கிவிட்டுக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. பயணிகள் விமானம் பொதுவாக நிமிடத்துக்கு ஒரு சுருக்கக் கணக்கைத்தான் தருகிறது. நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் என்றால் 14 கிலோமீட்டருக்கு மேல். ஆய்வு விமானம் நொடிக்கு 25 முறை அளந்தால் 4 மீட்டருக்கு ஒரு எண் கிடைக்கும். அதைவிட, பயணிகள் விமானம் கொந்தளிப்பு இருக்கும் இடத்தைத் தவிர்த்துப் போகும்; போகவும் வேண்டும். இடிமேகத்தைச் சுற்றி வளைத்துப் போகிறது. விமான நிலையத்தை விட்டால் பத்தாயிரம் அடிக்குக் கீழே பறப்பதில்லை. ஆரணிக்கு மேலே இரவில் மினுக்கிக்கொண்டு போகும் விமானங்களுக்கு, ஊருக்கு மேல் முதல் இரண்டு கிலோமீட்டரில் நடப்பது எதுவும் தெரியாது. தவிர்ப்பதற்காகவே பறக்கிறவரிடம் போய், தவிர்த்த இடம் எப்படி இருந்தது என்று கேட்க முடியாது.

இரண்டாவது சாட்சி, ரேடார். ஆரணியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரில், திருப்பதிக்குப் பக்கத்துக் காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் எம்.எஸ்.டி. ரேடார் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் தரையில் பரப்பி நிற்க, 53 மெகாஹெர்ட்ஸில் வானத்தை நோக்கி அலை அனுப்புகிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து வெப்பமண்டலக் காற்றைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் கருவி. மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த விமானத்தாலும் முடியாது. இந்தப் பெருமையை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: அந்த ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலி, சுமார் 2.8 மீட்டர் அளவுள்ள காற்றுச் சிதறல்களிலிருந்து வருகிறது. அதன் அலைநீளத்தில் பாதி அது. அந்த எதிரொலி எவ்வளவு அகன்று வருகிறது என்று பார்த்துக் கொந்தளிப்பைக் கணிக்கிறார்கள். ஆனால் கதிரின் அகலமே எதிரொலியைக் கொஞ்சம் அகட்டிவிடும். அதைக் கழிக்க வேண்டும், கழிக்கச் சில அனுமானங்கள் வேண்டும். காதங்கி விஞ்ஞானிகளே இதை ஒளிக்காமல் எழுதுகிறவர்கள். ரேடார் போதும் என்று முழங்குகிறவர்கள் அவர்களல்ல.

ரேடாருக்கும், தரையில் நட்டுக் காற்றை அளக்கும் கோபுரத்துக்கும் இன்னொரு கட்டு உண்டு: நின்ற இடத்தை விட்டு நகராது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில், 100 கிலோமீட்டர் நீளமுள்ள காற்று ஒரு கோபுரத்தைக் கடக்க ஐந்தரை மணி நேரமாகும். அதற்குள் காலை மதியமாகிவிடும், காற்றே வேறாகிவிடும். விமானம் அந்த நூறு கிலோமீட்டரைப் பதினேழு நிமிடத்தில் வெட்டிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் காற்றின் உருவம் பெரிதாக மாறியிருக்காது. ஜவ்வாது மலையின் அடிவாரம், கமண்டல நாகநதிக் கரை நெல்வயல், அப்பால் மானாவாரிக் காடு, அதற்கும் அப்பால் கடற்கரை என்று ஒரே மூச்சில் அளந்து ஒப்பிட விமானத்தைத் தவிர வேறு வழி இல்லை.

ஜவ்வாது மலை என்றதும் காவலூர் வானாய்வகம் ஞாபகம் வரும். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை வைத்திருக்கும் அந்த இடத்தில், நட்சத்திரம் எவ்வளவு நடுங்குகிறது என்பதைக் கொண்டே மேலேயிருக்கும் கொந்தளிப்பை உணரலாம். ஆனால் தொலைநோக்கியின் படத்தில் தெரிவது தரை முதல் வானம்வரை உள்ள எல்லாக் கலக்கத்தின் கூட்டுத்தொகை. எந்த உயரத்தில் எவ்வளவு என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூட்டுத்தொகையிலிருந்து பட்டியலை எழுத யாராலும் ஆகாது.

மூன்றாவது சாட்சி, செயற்கைக்கோள். நம் இன்சாட்-3டி.எஸ். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்டது. இது போன்ற செயற்கைக்கோள்கள் காற்றை எப்படி அளக்கின்றன? அடுத்தடுத்து எடுத்த படங்களில் மேகமோ நீராவியோ எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து. மேகம் எங்கே போனது என்பது அதில் தெரியும். மேகத்துக்குள் என்ன நடந்தது என்பது தெரியாது. காற்றையே நேராக அளக்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2018-ல் ஏயோலஸ் என்ற செயற்கைக்கோளை லேசர் கருவியோடு அனுப்பியது. 2023 வரை அது வானிலை முன்னறிவிப்புக்கு உண்மையாகவே உதவியது. ஆனால் அதன் ஒவ்வொரு அளவும் பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சராசரி. அதுவும் கிடைமட்டக் காற்றின் ஒரு திசைக் கூறு மட்டும். எஸ்.க்யூ.321-ஐ ஆட்டிய காற்று, அந்தச் சராசரியில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும்.

கடைசி சாட்சி, எல்லோரும் தலைவணங்கும் கணினி. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' வளிமண்டலத்தை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. பழைய 12 கிலோமீட்டரிலிருந்து இது பெரிய பாய்ச்சல்; கைதட்ட வேண்டிய வேலை. ஆனால் ஆரணி நகரம் முழுவதும் அதில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். வெயிலில் கிளம்பும் காற்றுத் திரள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம். விமானத்தைத் தூக்கிப் போடும் சுழல்கள் சில நூறு மீட்டர். இவை எதுவும் அந்தக் கட்டத்தின் கண்ணில் படாது. அதனால் கணினிக்குள் ஒரு சூத்திரத்தை எழுதி வைக்கிறார்கள்: தரை இவ்வளவு சூடாக இருந்தால், காற்றடுக்கு இவ்வளவு உயரம் என்றால், உள்ளே கொந்தளிப்பு இவ்வளவு இருக்கும் என்று. கணினி கொந்தளிப்பைக் கண்டுபிடிப்பதில்லை. நாம் சொல்லிக் கொடுத்த சூத்திரத்தை ஒப்பிக்கிறது.

அந்தச் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன? ஒன்றை மட்டும் சொல்கிறேன். பகல்நேரக் காற்றடுக்கில் மேல்கீழ்க் காற்றின் வீச்சு உயரத்தோடு எப்படி மாறுகிறது என்பதற்கு, உலகெங்கும் பாடப்புத்தகத்தில் இருக்கும் வளைகோடு ஒன்று உண்டு. லென்ஷோ, விங்கார்ட், பென்னல் மூவரும் 1980-ல் வெளியிட்டது. அதற்கான அளவுகள், 1975-ல் ஒகினாவா அருகே கிழக்குச் சீனக் கடலுக்கு மேல் எலெக்ட்ரா ஆய்வு விமானத்தில் எடுத்தவை. குளிர்காலத்தில் ஆசியப் பெருநிலத்திலிருந்து வெதுவெதுப்பான கடல் மீது பாயும் குளிர்க்காற்று அது. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் வட தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் அதே வளைகோடு எவ்வளவு தூரம் பொருந்தும்? பொருந்தலாம், கொஞ்சம் விலகலாம். பார்த்தால்தானே தெரியும்? பார்ப்பதற்கான விமானத்தைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

பருவநிலை மாற்றத்தால் கொந்தளிப்பு கூடுகிறது என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டார்கள்: வட அட்லாண்டிக்கின் சராசரி இடம் ஒன்றில், மேகமில்லா வானில் வரும் கடும் கொந்தளிப்பு, 1979-ல் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்தது 2020-ல் 27.4 மணி நேரமாக, அதாவது 55 சதவீதம் கூடியிருக்கிறது. நல்ல ஆய்வு. ஆனால் அது பழைய வானிலைத் தரவைக் கணினியில் மறுபடி கோத்து, பெரிய காற்றோட்டத்தின் போக்கிலிருந்து சிறிய கொந்தளிப்பை ஊகித்தது. அந்த ஊகம் நம்பத்தக்கது என்று எப்படித் தெரியும்? உண்மையில் காற்றுக்குள் பறந்தவற்றின் அளவோடு ஒத்துப் பார்த்துத்தான். எந்த வழியாகச் சுற்றிப் போனாலும் விசாரணை அந்த ஐந்து துளைகளிடம் வந்து நிற்கிறது.

இனி ஆபத்து, செலவு என்ற இரண்டு ஆட்சேபங்கள். ஆபத்தை நான் மறுக்கவில்லை. 1946, 47-ல் அமெரிக்கர்கள் பி-61 போர் விமானங்களை ஆயிரம் முறைக்கு மேல் இடிமேகங்களுக்குள் ஓட்டினார்கள். இடிமேகம் பிறந்து வளர்ந்து சாகும் கதை நமக்குத் தெரிந்தது அப்படித்தான். 1955-ல் சியரா நெவாடா மலையலைக்குள் போன ஆய்வு கிளைடர் ஒன்று வானிலேயே பிய்ந்துபோனது. விமானி பாராசூட்டில் தப்பினார். 1989-ல் ஹியூகோ சூறாவளியின் கண்சுவருக்குள் தாழப் பறந்த பி-3 விமானம் ஓர் எஞ்சினை இழந்தது. ஆனால் கொந்தளிப்பை அளக்கும் பறப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சாகசம் இல்லை. தெளிந்த வானில், சில நூறு மீட்டர் உயரத்தில், ஒரே கோட்டில் மணிக்கணக்காகப் போய் வரும் சலிப்பான வேலை. ஆளில்லா விமானம் ஓட்டலாமே என்றால், தாராளமாக ஓட்டலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், 2006-லேயே மாலத்தீவில் மூன்று ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு மேகத்தின் மேலும் கீழும் உள்ளும் ஒரே நேரத்தில் அளந்தார். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலு. ஆளில்லா விமானமும் காற்றுக்குள் போய்த்தான் அளக்கிறது.

செலவு அதிகம்தான். விமானத்தால் எல்லாம் முடியாது என்பதும் உண்மை. ஒரு கோட்டில் போகிறது, அதன் இருபுறமும் தெரியாது. சில மணி நேரத்தில் எரிபொருள் தீர்ந்துவிடும். பெரிய சுழல்களை நம்பகமாக எண்ண எத்தனை நீளம் பறந்தால் போதும் என்று இந்தத் துறையினர் தனியாகவே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஒரே பறப்பில் எதையும் முடிவு கட்டக்கூடாது என்பது அவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதி. ஆனால் குறை உள்ளது என்பது வேண்டாம் என்பதற்குக் காரணமாகுமா? அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன நான்கு சாட்சிகளில் எதுவும் மிஞ்சாது.

இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். 1979-ன் மோனெக்ஸ் பருவமழை ஆய்வில் அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் மேல் பறந்த பெரிய ஆய்வு விமானங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1999-ல் ராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இண்டோயெக்ஸ் ஆய்வில் இந்தியப் பெருங்கடல் மீது கவிந்த புகைப்படலத்துக்குள் போன சி-130 விமானமும் அமெரிக்காவுடையது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009-ல் கெய்பீக்ஸ் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் சோலாப்பூரில் 2018, 2019 பருவமழைகளிலும் மேகங்களுக்குள் பறந்தது. அரிய வேலை, ஆனால் விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. 2016-ல் இன்காம்பஸ் ஆய்வுக்காகப் பிரிட்டனின் பி.ஏ.இ.-146 விமானம் லக்னோவிலும் பெங்களூருவிலும் இறங்கி, மண்ணின் ஈரம் பருவமழையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கப் பறந்தது. தென்னிந்தியாவின் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அது எடுத்த அளவுகளை இன்னும் ஆய்வாளர்கள் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டு விமானம் வருவதில் தவறொன்றும் இல்லை. அறிவியல் அப்படித்தான் வளரும். ஆனால் அது நமக்கு வசதியான நாளில் வராது, வந்தால் சில வாரங்களில் போய்விடும். காற்றுக்கு ஒரு வருடத்தின் எல்லா முகங்களும் வேண்டும். சித்திரையின் வெட்டவெளிச் சூடு, ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழைக்கு முந்தைய புழுக்கம், மார்கழிப் பனிமூட்டம் எல்லாவற்றிலும் ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் பறந்தால்தான் நம் ஊர்க் காற்றுக்கு நம் ஊர் எண்கள் கிடைக்கும். கொந்தளிப்பு அறிவியலில் நாம் கற்றுக்குட்டிகளும் அல்ல. சதீஷ் தவான் அந்தத் துறையில் ஆய்வு செய்தவர். அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மா அதில் உலகப் புகழ் பெற்றவர். 1990-ல் ஜோத்பூர் முதல் கரக்பூர் வரை கோபுரங்கள் நட்டுப் பருவமழைப் பள்ளத்தின் தரைக்காற்றை அளந்த மான்ட்பிளெக்ஸ் ஆய்வு அந்த மரபில் வந்தது. கோபுரம் முப்பது மீட்டரில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறும் படியைத்தான் நாம் இன்னும் சொந்தமாகக் கட்டவில்லை.

வேண்டியது பெரிய ஜெட் அல்ல. தாழவும் மெதுவாகவும் பறக்கக்கூடிய ஒரு டர்போபிராப், மூக்கில் ஐந்து துளைகள், வேகமான வெப்பமானி ஒன்று, ஈரப்பதமானி ஒன்று, அளவுப்பிழை பார்க்கும் பறப்புகளை விட்டுக்கொடுக்காத ஒரு குழு. காதங்கி ரேடாருக்கு மேல் வட்டமடித்து இரண்டையும் ஒப்பிட்டு, அங்கிருந்து தெற்கே வேலூர், ஆரணி, திருவண்ணாமலை வழியாக ஒரு கோடு, கிழக்கே கடலுக்கு ஒரு கோடு. மாதம் இரண்டு முறை, பல வருடம். எடுத்த எண்களை யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இதைச் செய்தால் ரேடாரின் மதிப்பும் செயற்கைக்கோளின் மதிப்பும் கணினியின் மதிப்பும் கூடும். ஒன்றை வாங்கினால் மற்றது வீண் என்ற கணக்கே பிழை.

ஆகவே, ஆய்வு விமானம் ஆடம்பரம் என்று சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. உங்கள் கணினிக்குள் கொந்தளிப்புக்கென்று எழுதி வைத்திருக்கும் எண்ணை, யார், எந்த ஆண்டில், எந்தக் காற்றில் அளந்தார்கள்? அந்தக் காற்று நம் காற்றுதானா என்று யார் சரிபார்த்தார்கள்? பதில் இருந்தால் சொல்லட்டும், வாதத்தை நான் விட்டுவிடுகிறேன். இல்லையென்றால், அளக்கப் போகிறவர்களுக்கு விமானத்தைக் கொடுக்கட்டும்.